‘மருத்துவரை ஆலோசிக்கவும்’ என்ற கடைசி வரி யாரைக் காப்பாற்றும்?

கேள்வி: நான் ஒரு ஆரோக்கிய இணையதளத்தில் உதவி ஆசிரியராக வேலை பார்க்கிறேன். ‘கல்லீரல் கழிவை வெளியேற்றும் ஜூஸ்’, ‘ஏழே நாளில் குடல் சுத்தம்’ மாதிரியான கட்டுரைகள்தான் எங்கள் தளத்தில் அதிகம் படிக்கப்படுகின்றன. புத்தாண்டையொட்டி 21 நாள் டீடாக்ஸ் தொடர் ஒன்றை என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ‘ஜூஸ் குடிப்பதால் யாருக்கு என்ன கெடுதல் வந்துவிடும்? கடைசியில் மருத்துவரை ஆலோசிக்கவும் என்று ஒரு வரி போட்டுவிடலாம்’ என்கிறார் ஆசிரியர். நானே ஒருமுறை மூன்று நாள் ஜூஸ் மட்டும் குடித்து இருந்து பார்த்தேன். முதல் இரண்டு நாள் தலைவலி. பிறகு உடம்பு லேசானது, இரண்டு கிலோ குறைந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை. இப்படிப்பட்ட கட்டுரைகளை ஆரோக்கியத் தளங்கள் வெளியிடலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வெளியிடக் கூடாது என்பதுதான் என் பதில். உங்கள் மனசு ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது. அதை உங்கள் ஆசிரியரிடம் எடுத்துச் சொல்ல உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் சிறுநீரக மருத்துவர். சில ஆண்டுகளுக்கு முன் 58 வயதுப் பெண்மணி ஒருவர் கால் வீக்கத்தோடும் வாந்தியோடும் என்னிடம் வந்தார். சர்க்கரை நோய் உண்டு. ஆனால் ஆறு மாதத்துக்கு முந்தைய பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கழிவு) 1.1 தான். வந்த அன்று 4.6. வலி மாத்திரை சாப்பிட்டீர்களா, புதிதாக ஆன்டிபயாடிக் ஏதாவது எடுத்தீர்களா என்று வழக்கமான கேள்விகளையெல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். மறுநாள் சிறுநீரை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், தபால் உறையின் பின்பக்கம் போல நடுவில் குறுக்குக்கோடு விழுந்த சின்னச் சின்னச் சதுரங்கள். கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். ஆக்சலேட் என்பது சில கீரைகளில் இயற்கையாகவே இருக்கும் ஒரு உப்பு. அதற்குப் பிறகுதான் ‘என்ன சாப்பிடுகிறீர்கள்?’ என்று கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இன்றைக்கு எந்த நோயாளியிடமும் அதைக் கேட்காமல் நான் எழுந்திருப்பதில்லை.

‘தப்பா ஒண்ணும் சாப்பிடலை டாக்டர். உடம்பைச் சுத்தம் பண்ணத்தான் மூணு வாரமா கீரை ஜூஸ் குடிக்கிறேன்’ என்று கைபேசியை நீட்டினார். பசலைக்கீரையைப் பச்சையாக அரைத்து தினமும் இரண்டு பெரிய டம்ளர், கூடவே வைட்டமின் சி மாத்திரை. பசலைக்கீரையில் ஆக்சலேட் மிக அதிகம். வேகவைத்து நீரை வடித்தால் ஒரு பங்கு போகும். பச்சையாக அரைத்தால் முழுவதும் உள்ளே போகும். அளவுக்கு மீறிய வைட்டமின் சி-யில் ஒரு பகுதியையும் உடல் ஆக்சலேட்டாகத்தான் மாற்றும். அந்தப் பக்கத்தை விரலால் தள்ளித் தள்ளி அடிவரைக்கும் போனேன். ‘மருத்துவரை ஆலோசிக்கவும்’ என்ற வரி இருந்தது. விளம்பரங்களுக்கும் ‘இதையும் படியுங்கள்’ பட்டியலுக்கும் கீழே, வெளிறிய சாம்பல் எழுத்தில். அந்த அம்மா அதுவரைக்கும் போகவே இல்லை. செய்முறை மேலேயே முடிந்துவிட்ட பிறகு யார்தான் போவார்கள்?

நான்கு முறை டயாலிசிஸ் செய்தோம். சிறுநீரகம் ஓரளவு திரும்பியது. பழைய நிலைக்கு வரவில்லை. இது எங்கோ ஒருவருக்கு நடந்த அபூர்வம் என்று ஆசிரியர் சொல்லக்கூடும். 2018-ல் அமெரிக்கச் சிறுநீரக மருத்துவ இதழ் ஒன்றில் இதே மாதிரி ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். முன்பு இரைப்பை பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், சமீபத்தில் நீண்ட நாள் ஆன்டிபயாடிக் எடுத்தவர். அதுவரை நன்றாக இருந்த சிறுநீரகம் பச்சை ஸ்மூத்தி கிளென்ஸுக்குப் பிறகு நிரந்தரமாகச் செயலிழந்தது. அவரும் நோயை வரவழைத்துக்கொள்ள நினைத்தவர் இல்லை. நலமாக இருக்க ஆசைப்பட்டவர்தான்.

டீடாக்ஸ் கட்டுரை எதை எடுத்தாலும் அதில் ஒன்று மட்டும் இருக்காது: நச்சின் பெயர். கழிவு என்பார்கள், டாக்ஸின் என்பார்கள். ஈயமா, பாதரசமா, அம்மோனியாவா, பூச்சிக்கொல்லியா, எது என்று சொல்ல மாட்டார்கள். 2009-ல் பிரிட்டனில் ‘சென்ஸ் அபவுட் சயின்ஸ்’ அமைப்போடு சேர்ந்த இளம் விஞ்ஞானிகள், டீடாக்ஸ் என்ற பெயரில் விற்ற 15 பொருட்களை எடுத்துக்கொண்டு தயாரிப்பாளர்களிடமே விசாரித்தார்கள். டீடாக்ஸ் என்றால் என்ன என்பதற்கு இரண்டு நிறுவனங்கள்கூட ஒரே விளக்கத்தைத் தரவில்லை. 2015-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், கடைகளில் விற்கும் டீடாக்ஸ் டயட்டுகளை மனிதர்களிடம் முறையாக ஒப்பிட்டுச் சோதித்த ராண்டமைஸ்டு ஆய்வு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்று எழுதினார்கள். அடுத்த தொடரைக் கையில் எடுக்கும்போது ஆசிரியரிடம் இதை மட்டும் கேளுங்கள்: எந்த நச்சு, முன்னால் எவ்வளவு இருந்தது, பின்னால் எவ்வளவு ஆனது?

மருத்துவமனையில் இந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. ஈயம் ஏறிய குழந்தைக்கு ரத்தத்தில் அளவைப் பார்த்து, மருந்து கொடுத்து, மறுபடி அளவைப் பார்க்கிறோம். பாராசிட்டமால் அளவுமீறிச் சாப்பிட்டவருக்கு அசிட்டைல் சிஸ்டீன் என்ற மாற்றுமருந்து கொடுக்கிறோம். மதுவுக்கு அடிமையானவர் திடீரென்று நிறுத்தும்போது வலிப்பு வராமல் இருக்க மருத்துவமனையில் வைத்துப் பார்க்கிறோம். டீடாக்ஸ் என்ற சொல் அங்கேயிருந்துதான் இரவல் வாங்கப்பட்டது.

உடல் தன் கழிவை எப்படிக் கையாள்கிறது என்பதை உங்கள் வாசகர்களுக்கு யாராவது பொறுமையாகச் சொல்ல வேண்டும். அது அத்தனை அழகான விஷயம். கல்லீரலுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ரத்தம் போகிறது. அங்கே இரண்டு கட்டமாக வேலை நடக்கிறது. முதல் கட்டத்தில் சைட்டோகுரோம் பி450 என்ற என்சைம் குடும்பம் வேண்டாத பொருளை உடைத்தோ மாற்றியோ வைக்கும். சில சமயம் இந்த இடைநிலைப் பொருள் மூலப்பொருளைவிடக் கெடுதலானதாகக்கூட இருக்கும். இரண்டாம் கட்டத்தில் அதன்மேல் குளுட்டதயோன், கிளைசின், சல்பேட் போன்ற ஒன்றைக் கோத்து, நீரில் கரையும்படி செய்து, பித்தத்திலோ சிறுநீரிலோ அனுப்பிவிடும். குளுட்டதயோனும் கிளைசினும் எங்கிருந்து வருகின்றன? புரதத்திலிருந்து. பல நாள் ஜூஸ் மட்டும் குடிப்பவர் உடலுக்குக் கொடுக்காமல் நிறுத்திவைப்பது அந்தப் புரதத்தைத்தான். கல்லீரலுக்கு உதவி என்று சொல்லி அதன் கைப்பொருளைக் குறைக்கும் யோசனை இது.

சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிக்கின்றன. உடலில் இருக்கும் மொத்த பிளாஸ்மாவே, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியே, மூன்று லிட்டர்தான். அப்படியென்றால் அது நாள் ஒன்றுக்கு அறுபது தடவை வடிகட்டிக்குள் போய் வருகிறது. இதில் 178 லிட்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சிறுநீராக விடுகிறது. இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், இன்னமும் எனக்கு இது ஆச்சரியம்தான். குடலின் உள்தோல் சில நாட்களுக்கு ஒருமுறை தானாகவே உதிர்ந்து புதிதாகிறது. ‘வருஷக்கணக்கில் குடல் சுவரில் ஒட்டியிருக்கும் கழிவு’ என்று எழுதுகிறார்களே, ஒட்டிக்கொள்ள அங்கே பழைய சுவரே இருப்பதில்லை.

உடலால் எளிதில் வெளியேற்ற முடியாத பொருட்களும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. டையாக்ஸின் என்ற மாசுப்பொருள் கொழுப்பில் தங்கும். அதன் அளவு பாதியாகவே 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை மூன்று நாள் எலுமிச்சைத் தண்ணீர் கரைக்காது. வேகமாக எடை குறைத்தால் கொழுப்பில் கிடந்த இத்தகைய வேதிப்பொருட்களின் அளவு ரத்தத்தில் கூடுகிறது என்பதுதான் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அந்த விஷயத்தில் நாம் செய்ய வேண்டியது காற்றிலும் நீரிலும் உணவிலும் அது கலக்காமல் பார்த்துக்கொள்வது. அது தனி ஒருவரின் சமையலறையில் முடிகிற காரியமில்லை.

இப்போது உங்கள் இரண்டு கிலோ. நீங்கள் பொய் சொல்லவில்லை, தராசும் பொய் சொல்லவில்லை. கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜென் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு சுமார் அரை கிலோ வரை இருக்கும். ஒரு கிராம் கிளைகோஜென் ஏறக்குறைய மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடாவிட்டால் சேமிப்பும் கரையும், நீரும் போகும். மறுபடி ஒழுங்காகச் சாப்பிட்டதும் இரண்டும் திரும்பி வரும். பேதி மருந்து எடுத்தவர்களுக்கும் இதே கதைதான்; உணவின் சத்து பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும், பேதி மருந்து பெருங்குடலில் இருந்து நீரைத்தான் இறக்குகிறது. உடம்பு லேசாக இருந்தது என்றீர்கள். அந்த மூன்று நாளும் நீங்கள் மது, பாக்கெட் தின்பண்டம், நேரங்கெட்ட இரவுச் சாப்பாடு எதையும் தொட்டிருக்க மாட்டீர்கள், சீக்கிரம் தூங்கியிருப்பீர்கள். அந்த லேசு அதற்குக் கிடைத்தது. அதை ஜூஸ் இல்லாமலேயே பெறலாம்.

முதல் இரண்டு நாள் தலைவலி என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் எனக்குப் பதற்றமாக இருந்தது. உங்கள் தலைவலிக்காக அல்ல. காபியோ டீயோ வழக்கமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும், இரண்டு நாளுக்குள் உச்சத்துக்குப் போகும், ஒரு வாரத்துக்கு மேல்கூட நீடிக்கலாம். காஃபீன் இல்லாத தலைவலி அது, அவ்வளவுதான். ஆனால் டீடாக்ஸ் கட்டுரைகள் அதை எப்படிச் சொல்கின்றன? ‘தலைவலி, தலைசுற்றல், வாந்தி வந்தால் பயப்பட வேண்டாம், நச்சு வெளியேறுவதன் அறிகுறி.’ ஓர் ஆரோக்கியத் தளத்தில் அச்சேறக்கூடிய மிக ஆபத்தான வாக்கியம் என்று நான் நினைப்பது இதைத்தான். ‘நிறுத்து’ என்று உடல் கத்தும்போது ‘தொடர்’ என்று மொழிபெயர்த்துத் தருகிறது அந்த வாக்கியம். பிரிட்டனில் 47 வயதுப் பெண் ஒருவர் புத்தாண்டு டீடாக்ஸ் என்று மூலிகை மாத்திரைகளோடு நிறையத் தண்ணீரும் குடித்து, ரத்தத்தில் சோடியம் அபாயகரமாகக் குறைந்து, வலிப்பு வந்து தீவிர சிகிச்சைக்குப் போனதை அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களே ஒரு மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். சோடியம் குறையும்போது முதலில் வருவது என்ன தெரியுமா? தலைவலியும் வாந்தியும்தான்.

‘கண்ணால் பார்த்தேன் டாக்டர்’ என்று சொல்பவர்களுக்கும் உங்கள் தளம் பதில் வைத்திருக்க வேண்டும். பித்தப்பைக் கல்லைக் கரைக்கும் முறை என்று ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் மணிக்கணக்கில் குடிக்கச் சொல்கிறார்கள். மறுநாள் மலத்தில் பச்சை நிற உருண்டைகள் வரும். நியூசிலாந்தில் 40 வயதுப் பெண் ஒருவர் அப்படி வந்தவற்றைக் குளிர்பெட்டியில் பத்திரப்படுத்தி மருத்துவமனைக்கே கொண்டுவந்தார். ஆய்வகத்தில் பார்த்தபோது அவற்றில் முக்கால் பங்கு கொழுப்பு அமிலம். பித்தக்கல்லில் இருக்க வேண்டிய கொலஸ்டிராலோ பித்த நிறமியோ கால்சியமோ இல்லை. எண்ணெயும் சாறும் குடலுக்குள் சேர்ந்து சோப்பு உருண்டையாகியிருந்தன. 2005-ல் ‘லான்செட்’ இதழில் இது வந்தது. அந்தப் பெண்ணின் நிஜக் கற்கள் பித்தப்பையிலேயே இருந்தன. பிறகு அறுவை சிகிச்சையில்தான் எடுத்தார்கள். குடல் சுத்தம் செய்யும் மாத்திரையில் கயிறு போல வருவதும் பெரும்பாலும் அந்த மாத்திரையிலேயே இருக்கும் இசப்கோல் உமியும் களிமண்ணும் சேர்ந்து திரண்டதுதான்.

குடலில் தேங்கும் மலம் உடலையே விஷமாக்குகிறது என்ற எண்ணம் புதிதல்ல. நூறு வருஷத்துக்கு முன்னால் லண்டனில் அர்பத்நாட் லேன் என்ற பெரிய அறுவை சிகிச்சை நிபுணர் மலச்சிக்கலுக்காகப் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். மலச்சிக்கலில் வரும் தலைபாரமும் சோர்வும் விஷத்தால் அல்ல, குடல் விரிந்து அழுத்துவதால் என்று வால்டர் அல்வாரெஸ் 1919-லேயே எழுதினார். மருத்துவம் கைவிட்ட கருத்து கடை அலமாரியில் உயிரோடு இருக்கிறது. எலுமிச்சை, மேப்பிள் சிரப், மிளகாய்த்தூள் கலந்த லெமனேட் டயட்டைப் பரப்பிய ஸ்டான்லி பரோஸிடம் ரத்தப் புற்றுநோயோடு வந்த 24 வயது இளைஞர் ஒருவர் இறந்தே போனார். 1984-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் பரோஸ் மீதான கொலைத் தீர்ப்பை ரத்து செய்தாலும், உரிமம் இல்லாமல் மருத்துவம் பார்த்த குற்றத்தை உறுதி செய்தது. அதே பானத்தை இன்றைக்கும் எத்தனையோ தளங்கள் செய்முறையோடு போடுகின்றன.

இனி உங்கள் ஆசிரியரின் கேள்வி: ஜூஸால் யாருக்கு என்ன கெடுதல்? முழு ஆரோக்கியத்தோடு இருக்கும் முப்பது வயதுக்காரருக்கு மூன்று நாளில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படிப்பவர் யார் என்று உங்கள் பக்கத்துக்குத் தெரியாது. என் அறைக்குள் ஒருவர் வந்தால் அவர் மாத்திரைப் பையை மேசையில் கொட்டிப் பார்த்துவிட்டுத்தான் நான் வாயைத் திறப்பேன். இணையப் பக்கத்துக்கு அந்த வசதி கிடையாது. சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுபவரோ இன்சுலின் போடுபவரோ உணவை நிறுத்தினால் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கும். டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர் பட்டினி கிடந்தால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தம் அமிலமாகிவிடும். மீட்டரைப் பார்த்து நிம்மதியாக இருப்பார், உள்ளே நிலைமை மோசமாகிக்கொண்டிருக்கும். பிரஷருக்கு ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவரும் சிறுநீரகம் தளர்ந்தவரும் லிட்டர் கணக்கில் பழச்சாறு குடித்தால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறும். மனநல சிகிச்சைக்காக லித்தியம் எடுப்பவருக்கு வயிற்றுப்போக்கில் நீர் வற்றினால் மருந்தே விஷ அளவுக்குப் போகும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர் திடீரென்று கீரையைக் கூட்டினால் மருந்தின் வேலை குறைந்துவிடும். கரித்தூள் ஜூஸ் சாப்பிட்ட மாத்திரையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கருத்தடை மாத்திரையும் அதில் அடக்கம். சாப்பாட்டோடு போராடிக்கொண்டிருக்கும் பதின்வயதுப் பெண்ணுக்கோ, பட்டினியை ஒழுக்கம் என்று பாராட்டும் உங்கள் 21 நாள் தொடர் ஓர் அனுமதிச் சீட்டு. இத்தனை பேரையும் அந்த ஒற்றை வரி எப்படித் தடுக்கும்? வரியைப் போடுவது வாசகருக்காக இல்லை, தளத்துக்காக. அதுவே என் பெரிய வருத்தம்.

இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: அந்தத் தொடரின் நடுவில் வாங்கும் சுட்டி இருக்கிறதா? இருந்தால் அது கட்டுரை இல்லை, விளம்பரம். விளம்பரம் என்று தலைப்பிலேயே சொல்ல வேண்டும். டீடாக்ஸ் என்ற பெயரில் விற்ற சில பொருட்களில் சட்டத்துக்குப் புறம்பான, கெடுதல் செய்யக்கூடிய பொருட்கள் இருந்ததற்காக அமெரிக்க அரசு அமைப்புகள் நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுத்திருக்கின்றன.

ஆனால் டீடாக்ஸ் பற்றி எழுதவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நீங்கள் எழுதாவிட்டால் தேடுபவர் வேறொருவரிடம் போய் நிற்பார். அவர் தேடுவது உண்மையில் டீடாக்ஸையும் அல்ல. நாலு நாளாக வயிறு சரியில்லாதவர் தேடுகிறார். காலையில் எழும்போதே களைத்துப் போகிறவர் தேடுகிறார். விடுமுறையில் அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டுக் கழுவாய் தேடுகிற மனசு தேடுகிறது. அந்த மனசை நான் குறை சொல்ல மாட்டேன். புதிதாகத் தொடங்க வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. அதனால் ‘டீடாக்ஸ் டயட் பலன் தருமா?’ என்றே தலைப்பு வையுங்கள், தேடுபவர் உங்களிடம் வந்து சேரட்டும். முதல் பத்தியிலேயே பதிலைச் சொல்லுங்கள். இரண்டாம் பத்தியில், செய்முறை எதுவும் வருவதற்கு முன்பே, மேலே சொன்ன மருந்துகளைப் பெயர் சொல்லி எழுதுங்கள். பிறகு அவரவர் குறைக்கு வாருங்கள். மலச்சிக்கல் என்றால் நார்ச்சத்து, தண்ணீர், நடை. இரும்புச்சத்து மாத்திரையும் சில பிரஷர் மாத்திரைகளும் மலச்சிக்கலைக் கொண்டுவரும் என்ற தகவல். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய மாற்றம் என்றால் தள்ளிப்போடாமல் பரிசோதனை. களைப்பு என்றால் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, தூக்கம். களைப்புக்கு ஆறு மாதம் ஜூஸ் குடித்துவிட்டு வருகிறவரின் ரத்தசோகைக்குப் பின்னால் வேறு நோய் ஒளிந்திருக்கலாம். அந்த ஆறு மாதத்தை நான் திருப்பித் தர முடியாது. கல்லீரலுக்கு நல்லது செய்ய ஆசைப்படுபவருக்கும் சொல்ல நிறைய இருக்கிறது: மதுவை விடுவது, இடுப்புச் சுற்றளவைக் குறைப்பது, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, ‘கல்லீரல் டானிக்’ என்று விற்கும் மாத்திரைகளைத் தொடாமல் இருப்பது. செறிவூட்டிய கிரீன் டீ மாத்திரையே கல்லீரலைப் பாதிக்கக்கூடும். கிரீன் டீயில் இருக்கும் ஈஜிசிஜி என்ற பொருள் ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ உள்ளே போனால் கல்லீரல் என்சைம்கள் உயர்கின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் எச்சரித்தது.

உங்கள் தளத்தில் ஏற்கெனவே இருக்கும் பழைய கட்டுரைகளையும் யோசியுங்கள். அவற்றைச் சத்தமில்லாமல் அழித்துவிடாதீர்கள். யாரோ ஒருவர் இன்றைக்கு எட்டாம் நாளில் இருப்பார். ஒன்பதாம் நாளுக்கு என்ன என்று பார்க்க நாளைக் காலை அதே பக்கத்துக்கு வருவார். வரும்போது செய்முறை இருந்த இடத்தில் ‘இதை நாங்கள் திரும்பப் பெற்றுக்கொண்டோம், காரணம் இது, உங்களுக்கு இந்தத் தொந்தரவுகள் இருந்தால் இன்றே மருத்துவரிடம் போங்கள்’ என்று பெரிய எழுத்தில் இருக்கட்டும். தலைசுற்றல், நிற்காத வாந்தி, சிறுநீர் குறைவது, குழப்பம், படபடப்பு, இந்த ஐந்தையும் தவறாமல் போடுங்கள். வரைவு தயாரானதும் எனக்கு அனுப்புங்கள்; மருந்துப் பெயர்களை வரிவரியாகச் சரிபார்த்து, இரண்டு நாளில் திருப்பி அனுப்புகிறேன்.